படகு ஏன் கவிழ்கிறது? ஏறும் முன் தொடங்கி, தண்ணீரில் விழுந்த பின்பும் செய்ய வேண்டியவை

2009 செப்டம்பர் 30, தேக்கடி. மாலை நேரம், அமைதியான ஏரி. புயலும் இல்லை, அலையும் இல்லை. கரையோரம் விலங்குகள் தென்பட்டதும் இரண்டடுக்குப் படகின் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள். ஏற்கெனவே அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்த 'ஜலகன்யகா' சாய்ந்தது, பிறகு நிமிரவேயில்லை. 45 பேர் இறந்தார்கள்.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில், பள்ளியிலிருந்து சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும். எல்லாமே உல்லாசப் பயணங்கள். நடந்த இடங்களும் ஏரி, காயல், கழிமுகம், நடுக்கடல் கிடையாது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இத்தனை பேரும் போனார்கள்.

பேப்பரில் 'திடீரென்று படகு கவிழ்ந்தது' என்று எழுதுவார்கள். அந்தத் 'திடீர்' பெரும்பாலும் உண்மையில்லை. கவிழும் படகு பொதுவாகப் படகுத்துறையைவிட்டுக் கிளம்பும்போதே பாதி கவிழ்ந்த நிலையில்தான் இருக்கும். ஆள் அதிகம், எடை உயரத்தில், அடியில் தண்ணீர், போடாத ஜாக்கெட். அப்புறம் ஒரு சின்ன அலையோ, ஒரு செல்ஃபியோ மிச்சத்தை முடித்துவைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கரையில் நின்று செய்ய வேண்டியவைதான்.

முதலில், படகு எப்படி நிமிர்ந்து நிற்கிறது?

இது புரிந்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், தானாகவே தோன்றும்.

படகும் ஆட்களும் சாமானும் சேர்ந்த எடை ஒரு புள்ளி வழியாகக் கீழே அழுத்துகிறது. அது எடை மையம். தண்ணீர் படகை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல், மூழ்கியிருக்கும் பகுதியின் நடுவிலிருந்து வருகிறது. அது மிதப்பு மையம். படகு வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் கூடுதலாக மூழ்கும், மிதப்பு மையமும் வலப்பக்கம் நகரும், அங்கிருந்து தண்ணீர் மேலே தள்ளிப் படகை நிமிர்த்தும். எடை மையம் தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் பிசகு வராது. எடை மையம் பக்கவாட்டில் மிதப்பு மையத்தையும் தாண்டி வெளியே போய்விட்டால், அதுவரை நிமிர்த்திக்கொண்டிருந்த அதே தண்ணீர் படகைப் புரட்டிப்போட்டுவிடும். எடை மையம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு சின்னச் சாய்விலேயே அது வெளியே போய்விடும்.

பெரிய கப்பலில் பத்துப் பேர் எழுந்து நின்றால் கப்பலுக்குத் தெரியவே தெரியாது. சின்னப் படகின் கணக்கு வேறு. 150 கிலோ எடையுள்ள ஒரு ஃபைபர் படகில் ஆறு பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 75 கிலோ, மொத்தம் 450. படகைப் போல மூன்று மடங்கு. அதாவது இந்தப் படகின் எடை மையம் எங்கே இருக்க வேண்டும் என்பது படகு கட்டியவர் கையில் இல்லை, ஏறியவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்தால் அது ஓரிடத்தில், எழுந்தால் வேறிடத்தில். இருவர் சேர்ந்து ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் அதுவும் கூடவே எட்டிப் பார்க்கும்.

படகுக்குள் தேங்கும் தண்ணீரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 'கொஞ்சம் தண்ணிதானே' என்பார்கள். 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள தட்டையான அடித்தளத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதன் எடை 480 கிலோ. ஆறு பேர் கூடுதலாக ஏறியது போல. ஆட்களாவது சொன்னால் உட்காருவார்கள், தண்ணீர் உட்காராது. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்தி நடந்தவர்களுக்குத் தெரியும்: கை லேசாகச் சாய்ந்தால் போதும், மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் பெரிதாக்கும். படகிலும் அதே கதைதான். கால் நனையத் தொடங்கினால் அது இறைக்க வேண்டிய நேரம், வேடிக்கை பார்க்கும் நேரமல்ல.

இன்னொன்று. தட்டையான அடிப்பாகமுள்ள படகில் ஏறினால் அசைவே இருக்காது, தரையில் நிற்பது போலத் தோன்றும். அந்த உறுதி ஓர் அளவுவரைதான். எல்லையைத் தாண்டிய கணத்தில் எச்சரிக்கை எதுவும் தராமல் புரண்டுவிடும். அடிப்பாகம் வளைந்த படகு ஏறும்போதே ஆடிப் பயமுறுத்தும், ஆனால் நிறையச் சாய்ந்த பிறகும் தாங்கும். ஆகவே 'ஆடவே இல்லையே, ஸ்ட்ராங்கா இருக்கு' என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 1: படகுத்துறையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்

டிக்கெட் வாங்கியதும் ஓட வேண்டாம். உங்களுக்கு முன்னால் கிளம்பும் படகைப் பாருங்கள். அது நேராக மிதக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்தே போகிறதா? ஆள் ஏறிய பிறகு படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? என் அளவுகோல் எளியது: சின்னத் திறந்த படகில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, விளிம்பின் மிகத் தாழ்வான இடத்தில் ஒன்றரைச் சாணாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் அமைதியான ஏரியில்கூட நான் ஏற மாட்டேன். பக்கத்தில் ஒரு ஸ்பீட் போட் போனாலே அந்த அலை உள்ளே வந்துவிடும்.

எத்தனை பேர் ஏறலாம் என்பது படகின் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். பதிவெண்ணும் இருக்க வேண்டும். 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவையும் ஆய்வுச் சான்றையும் கேட்கிறது. எண்ணும் இல்லை, அனுமதித்த ஆள் கணக்கும் இல்லை என்றால் அந்தப் படகைப் பற்றி அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. மீன்பிடிப் படகில் மேல்தளம் கட்டி, கூரை போட்டு, பெயின்ட் அடித்து உல்லாசப் படகாக்கியிருந்தால் கூடுதல் கவனம். தானூரில் கவிழ்ந்தது அப்படி மாற்றப்பட்ட படகுதான் என்று செய்திகள் வந்தன. வலையும் மீனும் தாழ்வாகக் கிடப்பதற்காகக் கட்டிய உடலின் தலைமேல் முப்பது பேரை ஏற்றினால் எடை மையம் எங்கே போகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

சொந்தமாகவோ வாடகைக்கோ சின்ன மோட்டார் படகு எடுப்பவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 20 அடிக்கு உட்பட்ட ஒற்றை உடல் படகின் (இரண்டு உடல்களை இணைத்துக் கட்டாத சாதாரணப் படகு) நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15-ஆல் வகுத்தால், அமைதியான நீரில் ஏற்றக்கூடிய ஆள் கணக்கு வரும். 15 அடிக்கு 5 அடி என்றால் ஐந்து பேர். அலை இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்லும் அளவுத் தகடு படகிலேயே இருந்தால் இந்தக் கணக்கு வேண்டாம், தகடு சொல்வதே முடிவு.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு தந்திரம் நடக்கும். 'சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் சார், மடியில வெச்சுக்குங்க' என்பார்கள். நமக்கும் காசு மிச்சம் என்று மகிழ்ச்சி. டிக்கெட் இல்லாத பிள்ளை ஆள் கணக்கிலும் வராது, ஜாக்கெட் கணக்கிலும் வராது. எடைக் கணக்கில் மட்டும் வரும். நான்கு குடும்பம் ஏறினால் மடியில் ஆறு பிள்ளைகள் இருக்கும். டிக்கெட் இருக்கிறதோ இல்லையோ, தலைகளை நீங்களே எண்ணுங்கள், பலகையில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுங்கள். ஓட்டுநரோடு வாதாடுவதைவிட அடுத்த படகுக்குக் காத்திருப்பது எளிது.

படி 2: லைஃப் ஜாக்கெட்

அமெரிக்கக் கடலோரக் காவல்படை பொழுதுபோக்குப் படகு விபத்துகளின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2022 கணக்கில், இறப்புக் காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 85 சதவீதம் பேர் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. வேறு எந்த ஒரு காரணத்தைச் சரிசெய்தாலும் இவ்வளவு உயிர்கள் மிஞ்சாது.

'எனக்கு நீச்சல் தெரியும்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீச்சல் தெரிந்து குதிப்பது வேறு, பேசிக்கொண்டிருக்கும்போதே தலையில் மரச்சட்டம் இடித்து, சட்டை பேன்ட்டோடு, பக்கத்தில் இருப்பவர் கழுத்தைக் கட்டிப்பிடிக்கத் தண்ணீருக்குள் போவது வேறு. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஏரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்ந்த நீரில் சட்டென்று விழுந்தால் நாம் நினைக்காமலே வாய் திறந்து பெருமூச்சு இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றாக இருக்காது. ஜாக்கெட் அந்த முதல் ஒரு நிமிடம் முகத்தை மேலே வைத்திருப்பதற்காகத்தான்.

ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் இதைச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் நுரைப்பலகையை அழுத்திப் பாருங்கள். விட்டதும் பழைய தடிமனுக்கு வர வேண்டும். மாவு போல நொறுங்கினாலோ, தண்ணீர் குடித்துக் கனத்தாலோ வேண்டாம். தையலை இழுத்துப் பாருங்கள். கிளிப்பை மாட்டிவிட்டு இரண்டு கையாலும் பிரிக்கப் பாருங்கள். ஜாக்கெட்டில் எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று எழுதியிருக்கும், எத்தனை நியூட்டன் மிதப்பு என்றும் இருக்கும். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்குக் கைகொடுக்கும் அளவு. நீந்தத் தெரியாதவர் 100-க்குக் குறையாமல் கேட்க வேண்டும். அது ஏறத்தாழ 10 கிலோவைத் தாங்கும் மிதப்பு. தண்ணீருக்குள் நம் உடலின் எடை அதைவிட மிகவும் குறைவு என்பதால் அதுவே முகத்தை மேலே வைக்கப் போதும்.

போட்ட பிறகு ஒரு சோதனை. இன்னொருவர் உங்கள் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது தண்ணீரிலும் அப்படியே ஏறும். நீங்கள் கீழே, ஜாக்கெட் மேலே. வார்களை இறுக்குங்கள். குழந்தைகளுக்குக் கால்களுக்கு நடுவே வரும் வார் கட்டாயம், கழுத்துக்குப் பின்னால் காலரும் தூக்குவதற்குக் கைப்பிடியும் இருந்தால் நல்லது. பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்குச் சுற்றிக் கட்டுவது பலனில்லை, பிள்ளை வழுக்கிக் கீழே போய்விடும்.

சேலை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி, அதன் மேல் ஜாக்கெட் போட வேண்டும். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். தண்ணீரில் காலைச் சுற்றும் ஆறு கஜம் நீச்சல் வீராங்கனையைக்கூட நீந்த விடாது. 'வேர்க்குது', 'போட்டோவுல நல்லா இருக்காது' என்று கிளிப்பைக் கழற்றி வைப்பது கூடாது. கவிழும்போது மாட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். மூன்று நான்கு விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்த ஜாக்கெட்டும் கரையில் மறந்துவிட்டு வந்த ஜாக்கெட்டும் ஒன்றுதான்.

இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. மூடிய அறையுள்ள படகு கவிழ்ந்தால், ஜாக்கெட் போட்டவரை அதுவே மேல்பக்கத்தோடு (கவிழ்ந்தபின் மேலே இருப்பது பழைய தரை) ஒட்டவைக்கும், குனிந்து ஜன்னல் வழியே வெளியேறுவது கடினம். தேக்கடியிலும் தானூரிலும் உள்ளே சிக்கியவர்கள் பலர். இதற்கு விடை ஜாக்கெட்டைக் கழற்றுவது அல்ல, மூடிய அறையில் உட்காராமல் இருப்பது. திறந்த தளம், அதிலும் கீழ்த்தளம், வழிக்குப் பக்கத்து இருக்கை. ஏசி அறைதான் கிடைக்கும், கண்ணாடி திறக்காது என்றால் அந்தப் பயணத்தையே விட்டுவிடுவேன். உள்ளேதான் இருக்க வேண்டியிருந்தால், எந்த ஜன்னல் வழியாக வெளியேறுவது என்று உட்கார்ந்த உடனேயே பார்த்து வைத்துவிடுங்கள். படகு சாய்ந்து நிமிராமல் நின்றால் கவிழும்வரை காத்திருக்காமல் உடனே வெளியே வாருங்கள்.

படி 3: ஏறுவதும் உட்காருவதும்

விளிம்பில் கால் வைக்காதீர்கள். படகின் நடுக்கோட்டில் முதல் அடி, உடலைத் தாழ்த்தி, இரண்டு கையில் ஒன்று எப்போதும் எதையாவது பிடித்தபடி. ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர். கனமானவர்கள் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக. பைகளைக் கீழே தரையில் வையுங்கள், மடியில் வேண்டாம்.

போகும்போது இடம் மாறாதீர்கள், மாற வேண்டுமென்றால் கிளம்பும் முன் கரையிலேயே மாறிவிடுங்கள். வழியில் யானையோ முதலையோ எது தெரிந்தாலும் உட்கார்ந்தபடியே பாருங்கள். எல்லாரும் ஒரு பக்கம் திரும்பினால் ஒருவராவது 'எல்லாரும் உட்காருங்க!' என்று கத்த வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருப்பதில் வெட்கம் வேண்டாம். படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பதும் இதே வகைதான். சிரிப்பாக இருக்கும், ஆனால் நின்றபடி, இரண்டு கையும் பிடிமானம் இல்லாமல், விளிம்போரத்தில் நிற்பதைவிட விழுவதற்கு வசதியான நிலை படகில் வேறு இல்லை.

குடித்துவிட்டு ஏறாதீர்கள். ஓட்டுபவர் குடித்திருந்தால் இறங்கிவிடுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

படி 4: வானத்தையும் தண்ணீரையும் பாருங்கள்

தமிழ்நாட்டு மலை ஏரிகளில் சித்திரை, வைகாசி மாத மாலைகள் ஏமாற்றக்கூடியவை. மதியம் வரை வெயில், மூன்று மணிக்கு மேல் இடிமழை. மழைக்கு முன்னால் ஒரு காற்று வரும், மழையைவிட அதுதான் ஆபத்து. தண்ணீரில் கருப்பாக ஒரு கோடு நகர்ந்து வருவது போலத் தெரியும். இடிச்சத்தம் கேட்டாலே கரை திரும்ப வேண்டும். கடலோரங்களில் பெரும்பாலும் நண்பகலுக்கு மேல் கடற்காற்று வலுக்கும். காலையில் கண்ணாடி போல இருந்த இடம் மதியம் அப்படி இருக்காது.

ஆழம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆழமில்லாத அகலமான நீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். சின்னப் படகுக்குப் பெரிய நீண்ட அலையைவிட இது மோசம். முகத்துவாரம் இன்னும் மோசம். கடல் வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் வெளியே பாயும், எதிரே கடலலை உள்ளே வரும்; இரண்டும் மோதும் இடத்தில் அலை எழுந்து உடையும். அந்த இடத்தைக் கடக்க அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவர்களுக்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. உல்லாசப் படகில் போகும் நாம் 'அண்ணே, கொஞ்சம் கடல் வரைக்கும் போய்ட்டு வரலாமா' என்று கேட்கவே கூடாது. கேட்டால் காசுக்காகச் சிலர் போவார்கள்.

இருட்டுகிற நேரத்தில் கிளம்பும் கடைசி நடை வேண்டாம். தானூர் விபத்து நடந்தது அந்தி சாய்ந்த பிறகு. கவிழ்ந்தால் யார் எங்கே என்று தெரியாது, கரையில் உள்ளவர்களுக்கும் தெரியாது. வெள்ளம் ஓடும் ஆறும் அப்படித்தான். 2019 செப்டம்பர் 15 அன்று ஆந்திரத்தின் கச்சுலூரு அருகே படகு கவிழ்ந்தபோது கோதாவரியில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது.

படி 5: நீங்களே ஓட்டினால்

அலைக்குப் பக்கவாட்டைக் காட்டாதீர்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, அலையை நேராகவோ சற்றுச் சாய்வாகவோ சந்திக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, ஆனால் திசை திருப்பும் அளவுக்கு மோட்டார் இயங்கியபடி. மோட்டார் நின்றுபோன படகு தானாகவே திரும்பி அலைக்குப் பக்கத்தைக் கொடுக்கும்.

பின்பக்கம்தான் சின்ன மோட்டார் படகின் பலவீனம். மோட்டாரின் எடை அங்கே, விளிம்பும் அங்கேதான் தாழ்வு. வேகமாகப் போய்ச் சட்டென்று நிறுத்தினால், உங்கள் படகு எழுப்பிய அலையே பின்னாலிருந்து வந்து உள்ளே கொட்டும். நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டுவது அதைவிட ஆபத்து: நீரோட்டம் இழுக்க இழுக்கப் பின்முனை கீழே போகும், ஒரு அலை ஏறினால் கதை முடிந்தது. நங்கூரம் எப்போதும் அணியத்தில், கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு. மாட்டிக்கொண்டால் கயிற்றை அறுக்க ஒரு கத்தி. தண்ணீர் இறைக்க வாளி, அதுவும் படகோடு கட்டியபடி.

மோட்டாரை நிறுத்தும் சிவப்புச் சுருள்கயிறு இருக்கும், அதை உங்கள் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டுங்கள். நீங்கள் விழுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும். வேகத்தில் வெடுக்கென்று திருப்புவதும் இதே பட்டியல்தான்.

கயாக்

கயாக் கவிழ்வது விபத்தே அல்ல, அந்த விளையாட்டில் அது சகஜம். அதனால் வாடகைக்கு எடுத்ததும் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறிப் பாருங்கள். மேலே உட்காரும் வகைக் கயாக் என்றால்: கவிழ்ந்த கயாக்கின் நடுவுக்கு நீந்துங்கள், குறுக்கே எட்டி மறுவிளிம்பையோ வாரையோ பிடித்து, உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டுங்கள். பிறகு கால்களை நீரின் மேல்மட்டத்துக்கு உதைத்து, உடலைக் குறுக்கே போடுங்கள். முதலில் வயிறு, அப்புறம் திரும்பி உட்காரும் பகுதி, கடைசியில் கால்கள். பலர் கைபலத்தால் ஏறப் பார்த்து மறுபடி கவிழ்க்கிறார்கள். வேலை கால் உதையில்தான் இருக்கிறது. துடுப்பை விட்டுவிடாதீர்கள். போகும்போது கரையில் உள்ளவர் யாரிடமாவது எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில் கயாக் எடுக்க வேண்டாம். போவது சுகமாக இருக்கும், திரும்பி வருவது இருக்காது.

பரிசல்

ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை போடும். தடை நாளில் 'நான் வேற துறையில இருந்து கூட்டிட்டுப் போறேன்' என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். பரிசல் வட்டமானது, அடி தட்டையானது, விளிம்பு தாழ்வானது. விளிம்பில் உட்காரக் கூடாது, கீழே உட்கார வேண்டும். சுற்றிக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஆற்றில் விழுந்தால் ஒரு விதி ஏரிக்கு மாறானது: நிற்க முயலாதீர்கள். முழங்கால் ஆழம்தான் என்று காலூன்றினால் பாறை இடுக்கில் கால் சிக்கும், ஓட்டம் உங்களைக் குப்புறத் தள்ளும். மல்லாந்து, கால்கள் முன்னே நீரோட்டத்தின் திசையில், பாதங்கள் மேலே தெரிய மிதந்து, ஓட்டம் தணிந்த இடத்தில் கரை நோக்கிச் சாய்வாக நீந்துங்கள்.

கவிழ்ந்துவிட்டால்

வாயை மூடுங்கள், மூச்சை நிறுத்துங்கள், ஒரு கையால் படகில் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். சின்னத் திறந்த படகின் அடியில் சிக்கினால் பயப்பட வேண்டாம், கவிழ்ந்த படகுக்குள் பெரும்பாலும் காற்று தங்கியிருக்கும். ஒரு மூச்சு எடுத்து, விளிம்பைப் பிடித்துக் கீழே இறங்கி வெளியே வாருங்கள்.

வெளியே வந்ததும் முதல் ஒரு நிமிடம் நீந்தாதீர்கள். மிதந்தபடி மூச்சு சீராகட்டும். அப்புறம் தலைகளை எண்ணுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மூழ்குபவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைக்காதீர்கள். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வரும், தலை பின்னால் சாயும், சத்தமே வராது. ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார். குரல் கொடுக்காதவரைத்தான் முதலில் தேட வேண்டும்.

படகை விட்டுப் போகாதீர்கள். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதந்துகொண்டேயிருக்கும், தேடி வருபவர்களுக்கும் ஒற்றைத் தலையைவிட அது எளிதாகக் கண்ணில் படும். கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். நீர்மட்டத்தில் கண் இருக்கும்போது தூரம் ஏமாற்றும். குழந்தைகளையும் நீந்தத் தெரியாதவர்களையும் கவிழ்ந்த படகின் மேல் ஏற்றுங்கள், மற்றவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே பக்கம் தொங்கினால் அது மறுபடி உருளும். காப்பாற்ற வரும் படகுக்கும் இதுவே: ஒருவர் பின் ஒருவராக. பதறி எல்லாரும் ஒரு விளிம்பைப் பிடித்தால் அந்தப் படகும் கவிழும்.

கரையில் நிற்பவர்கள் உடனே குதிக்க வேண்டாம். மூடி இறுகிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கயிறு கட்டி வீசினால் ஓர் ஆளை நன்றாகத் தாங்கும். கழி, மரக்கிளை, துணி, எதுவும் ஆகும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை வீசி இருவரைக் கரைசேர்த்தார்கள்.

எண்கள்: எங்கும் 112. கடலில் என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஆம்புலன்ஸ் 108. போனை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் அல்ல, ஜாக்கெட்டில் மாட்டுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

மூழ்கியவரைத் தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகப் பிடிப்பது, இதெல்லாம் இன்றும் நடக்கிறது. எதுவும் வேண்டாம். வயிற்றுத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். அவருக்கு இல்லாதது காற்று. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கை அடைத்து வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவே 30 முறை அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி. அழுத்தம் பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

எழுந்து உட்கார்ந்து பேசுபவரையும், தண்ணீர் குடித்திருந்தால், மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். இருமல் நிற்காமல் தொடர்வது, மூச்சு வாங்குவது, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், இவை சில மணி நேரம் கழித்தும் வரலாம். குழந்தை என்றால் அன்று இரவு முழுக்கக் கூடவே இருந்து பாருங்கள்.